ராக்கெட்டாக ஏறிக் கிளைடராக இறங்கும் மாதிரி

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த ஆர்வில் கார்லைல் என்பார், 1954-ஆம் ஆண்டில் மாதிரி ராக்கெட்டில் மாற்றிப் பொருத்தத்தக்க சிறு எந்திரத்தை ஆக்கினார். ஹாரி ஸ்டைன் என்பார் 1957-இல் இதற்கெனச் சங்கம் ஒன்றை நிறுவினார். இளைஞர் தாமே மருந்து கலந்து விபத்துக்குள்ளாவதைத் தடுப்பதே அவர்தம் நோக்கமாகும்.

இவ்வகை மாதிரிகளுள் ஒன்று 'பூஸ்ட் கிளைடர்'. ஏறுங்கால் இது ராக்கெட். இறங்குங்கால் எந்திரமின்றிச் சறுக்கி வரும் விமானம். இவ்விரு தொழில்களும் தம்முள் முரண்பட்டவை. நேராக ஏறுவதற்கு ஈர்ப்பு மையம் நன்கு முன்னே அமைதல் வேண்டும்; மிதந்து இறங்குவதற்கோ அது இறக்கையின்கண் உரிய இடத்தில் நிற்றல் வேண்டும். ஆகவே, எந்திரம் மூக்கின் அருகே தனிக்கூட்டில் வைக்கப்படுகிறது. எரிமருந்து தீர்ந்து சில விநாடிகள் சென்றபின், வெளியேற்று மருந்து பற்றும். உடனே கூடு கொக்கியினின்று கழன்று, நாடா ஒன்றன் துணையால் தனியே இறங்கும். முன்பாரம் நீங்கவே, கிளைடர் தன் சமநிலையை அடையும்.

தொகுப்புப் பெட்டியிலுள்ள பால்சா மர இறக்கைகளை உப்புத்தாளால் தேய்த்தல் வேண்டும். முன்விளிம்பு உருண்டும் பின்விளிம்பு மெலிந்தும் இருக்கட்டும். இறக்கை நுனிகள் சற்றே உயர்ந்திருக்குமாறு ஒட்டி, பசை நன்கு உலரும்வரை காத்திருக்க.

அடுத்துச் செய்ய வேண்டுவது கைவீச்சுச் சோதனை. கூட்டைக் கழற்றிவிட்டு, காற்றை எதிர்நோக்கிக் கிளைடரை மெல்ல வீசுக. மூக்குத் தாழ்ந்து விரைந்து விழுமாயின் வாலிலும், நிமிர்ந்து நின்று பின் கவிழுமாயின் மூக்கிலும் சிறிது களிமண் ஒட்டுக. சீராகச் சறுக்கும்வரை இதனைத் தொடர்க. இதனைச் செய்யாது ஏவப்படும் மாதிரி, உயரத்தினின்று குத்திட்டு விழக்கூடும்.

எந்திரத்தின் மேலுள்ள குறியையும் கவனிக்க. 'பி4-2' என்பதில் 4 என்பது சராசரி உந்துவிசை 4 நியூட்டன் என்பதையும், 2 என்பது தாமதம் 2 விநாடி என்பதையும் காட்டும். தாமதம் மிகுந்தால், முன்பாரத்துடனே மாதிரி கீழ்நோக்கிப் பாய்ந்து இறக்கை ஒடியலாம்.

உலர்ந்த புல் இல்லாத திறந்த வெளியில், காற்று அடங்கிய வேளையில், வழிகாட்டுக் கம்பியிலிருந்து ஏவுக. 5 மீட்டருக்குக் குறையாத தொலைவில் நின்று மின்சாரத்தால் பற்றவைத்தல் வேண்டும்.

எந்திரத்தை ஆசிரியரோ மாணவரோ ஒருபோதும் தாமே செய்தலாகாது. தக்க எந்திரம் கிடையாவிடில், கைவீச்சோடு நிறுத்திக்கொள்க. சமநிலை பற்றிய பாடத்தைக் கற்பிக்க அதுவே போதும்.