திருப்புகழில் சமய, வரலாற்றுக் குறிப்புகள்

திருப்புகழ் என்பது அருணகிரிநாதர் முருகன் மீது பாடிய சந்தப் பாடல்களின் தொகுப்பாகும். இப்பாடல்களில் புராணக் கதைகள், அடியார் வரலாறு, ஊர்ப்பெயர்கள், மன்னர் பெயர் ஆகியன ஓரிரு சொற்களில் சுட்டப்படுகின்றன. இவற்றை அறியாமல் பாடலை மனப்பாடமாகச் சொல்ல முடியும். பொருள் கொள்ள முடியாது. வ. சு. செங்கல்வராய பிள்ளையின் உரை இக்குறிப்புகளை விரிவாக விளக்குகிறது.

புராணக் குறிப்புகள்

1964இல் வெளிவந்த 'அருணகிரிநாதர்' திரைப்படத்தில் டி. எம். சௌந்தரராஜன் பாடியதால் பரவலாக அறியப்பட்ட 'முத்தைத்தரு' பாடல் இதற்குச் சான்று. இராவணனின் பத்துத் தலைகளை வீழ்த்தியது, மலையை மத்தாக்கிக் கடலைக் கடைந்தது, சக்கரத்தால் பகலை இரவாக்கியது, பார்த்தனுக்குத் தேர் ஓட்டியது என்னும் நான்கு நிகழ்ச்சிகள் அதில் அடுத்தடுத்து வருகின்றன. நான்கும் திருமாலின் செயல்கள். அத்தகைய திருமாலும் மெச்சும் பொருள் முருகன் என்பதே கருத்து. இவை முருகனின் செயல்கள் என்று கொண்டால் பொருள் பிழையாகும்.

கொங்குநாட்டுக் குறிப்புகள்

'நாத விந்து' எனத் தொடங்கும் பழனிப் பாடலின் இறுதியில், சுந்தரரின் தோழரான சேரமான் பெருமாள் குதிரையேறிக் கயிலை சென்று உலா பாடிய செய்தி உள்ளது. அந்த உலா, ஆதியுலா எனப்படும் திருக்கயிலாய ஞான உலாவாகும். அப்பாடலிலேயே கொங்கு வைகாவூர் நாடும், பழனியின் பழம்பெயரான ஆவினன்குடியும் வருகின்றன. கந்தர் அனுபூதியில் வரும் 'நாகாசலம்' நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டைக் குறிக்கும். நாகம் பாம்பு, அசலம் மலை.

மன்னர் பெயரும் காலமும்

'அதல சேடனார்' எனத் தொடங்கும் பாடலில் பிரபுடதேவ மகாராசன் என்னும் பெயர் வருகிறது. இவர் விஜயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் (ஆட்சி சுமார் 1422–1446) என்று கொண்டு, அருணகிரிநாதர் காலம் 15ஆம் நூற்றாண்டு எனக் கணிக்கப்படுகிறது. 'பிரௌட' என்னும் பட்டம் அவருக்குப் பின் வந்த மல்லிகார்ச்சுனருக்கும் வழங்கியது. எனவே இச்சான்று நூற்றாண்டை உறுதி செய்யும். ஆண்டை உறுதி செய்யாது.

சமணர் கழுவேற்றம்

திருஞானசம்பந்தரை முருகனின் அவதாரமாகக் கருதும் பாடல்கள் பலவற்றில், மதுரையில் சமணர் கழுவேறிய செய்தி இடம்பெறுகிறது. சம்பந்தர் காலம் 7ஆம் நூற்றாண்டு; இச்செய்தியை விரித்துரைக்கும் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு நூல்; திருப்புகழ் அதற்கும் பிந்தியது. ஆகவே இப்பாடல்கள் 15ஆம் நூற்றாண்டுச் சைவர்கள் நம்பியதற்குச் சான்றே தவிர, அந்நிகழ்ச்சி நடந்ததற்கு நேர்ச்சான்று ஆகா. பக்தியோடு பாடுவோரும் வரலாறு கற்கும் மாணவரும் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும். ஒரு பாட்டு வரியை மட்டும் கொண்டு ஒரு சமயத்தாரைப் பழிப்பது முறையான ஆய்வு ஆகாது.

பொருள் கொள்ளும் முறை

- செயலைச் செய்தவர் யார் எனத் தொடரின் முடிவு வரை படித்து அறிதல்.
- ஊர்ப்பெயரின் பழைய வடிவங்களை ஒப்பிடுதல்.
- பாடிய காலத்தையும், பாடப்பட்ட நிகழ்ச்சியின் காலத்தையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுதல்.
- மன்னர் பெயர்களைக் கல்வெட்டுகளோடு சரிபார்த்தல்.