டியூஷன் வகுப்பு: முதல் முதலீடு மனஉறுதி

படிப்பை முடித்துவிட்டுத் தொழிலுக்காகக் காத்திருக்கும் எமது இளைஞர், யுவதிகள் பலருக்கு முதலில் தோன்றும் யோசனை, ஒரு டியூஷன் வகுப்பை ஆரம்பிக்கலாம் என்பதுதான். ஓர் அறை, சில கதிரைகள், ஒரு வெண்பலகை இருந்தால் போதும். பெரிய முதல் தேவையில்லை. இலகுவாக ஆரம்பிக்க முடிவதால் பலர் அதை இலகுவாகக் கைவிட்டும் விடுகின்றனர்.

கடையொன்றை இடைநடுவில் மூடினால் நட்டம் பெரும்பாலும் முதலாளிக்குத்தான். உயர்தர வகுப்பொன்றைப் பாதியில் நிறுத்தினால் நட்டம் மாணவனுக்கு. பல்கலைக்கழக அனுமதிக்காக ஒருவர் மூன்று தடவைகளே உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றலாம். அதில் ஒரு தடவை வீணானால், வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து அதை ஈடுசெய்ய முடியாது. எனவே, முதல் மாணவனைச் சேர்க்கும்போதே அவன் பரீட்சை எழுதும் நாள்வரை வகுப்பை நடத்துவேன் என்ற தீர்மானம் வேண்டும். வெளிநாட்டு வேலைக்கோ அரச நியமனத்துக்கோ காத்திருப்பவர், மூன்று மாதங்களில் முடியும் பேச்சு ஆங்கிலம் போன்ற பயிற்சியைத் தெரிவு செய்வதே நேர்மையாகும்.

உறுதியோடு கணக்கும் தேவை. மாதக் கட்டணம் 1,500 ரூபா, அறை வாடகை 6,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 4 மாணவர்கள் வந்தால் வருமானம் வாடகைக்கே சரியாகிவிடும். 15 பேர் சேர்ந்தால் 22,500 ரூபா கிடைக்கும். வாடகையும் போட்டோ பிரதிச் செலவு 2,500 ரூபாவும் போக 14,000 ரூபா மிஞ்சும். ஆனால், அந்த 15 பேர் சேர, முதல் தொகுதியினரின் பரீட்சை முடிவு வரும்வரை பொறுத்திருக்க நேரலாம். அதுவரை வீட்டுச் செலவுக்கு வேறு வழி இருக்க வேண்டும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. அம்மாதம் வகுப்பு உண்டா, கட்டணம் எவ்வளவு என்பதைப் பெற்றோரிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022இல் மின்வெட்டும் எரிபொருள் தட்டுப்பாடும் வந்தன. இத்தகைய தடைகள் இனியும் வரலாம். வகுப்பு தடைப்பட்டால் மாற்று ஏற்பாடு என்ன என்பதையும் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும்.

அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரை ஸூரதுல் முதஃப்பிஃபீன் கடுமையாக எச்சரிக்கின்றது. ஆசிரியரின் தராசு நேரம். இரண்டு மணித்தியாலத்துக்குக் கட்டணம் வாங்கி ஒன்றரை மணித்தியாலத்தில் முடிப்பதும் அளவில் குறைப்பதே. நான்கு பேர் வந்தாலும் நாற்பது பேருக்குரிய ஆயத்தத்துடன் செல்லுங்கள். அந்த நால்வரின் பெற்றோர் சொல்லும் நல்ல வார்த்தையே உங்களுக்குச் சிறந்த விளம்பரமாக அமையும், இன்ஷா அல்லாஹ்.