மூன்றாம் பாகம் என்ன விலை?

₹1,080. மூன்று பாகமாக வரும் ஓர் இளையோர் ஃபேண்டசித் தொடரைப் பாகம் ₹400 என்று வைத்து, புத்தகத் திருவிழாவின் வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடியைக் கழித்தால் கொடுக்க வேண்டிய தொகை இது. 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு ₹336. கல்வராயன் மலையில் அந்த வேலைக்குப் போகும் வீட்டுக்கு, ஒரு தொடர் மூன்று நாள் கூலியை விழுங்கிவிட்டு நான்காம் நாளிலும் கை வைக்கும். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவரும் பஸ் செலவு தனி.

இவ்வளவு கொடுத்து வாங்கிப் படித்தவர்கள், “நடுவுல ஒரே இழுவை, கடைசியில சொதப்பிட்டாங்க” என்கிறார்கள். உலகம் முழுக்க இந்த ரகக் கதைகளின் மேல் வைக்கப்படும் புகார் இதுதான். அதைக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம்.

அத்தியாயக் கணக்கு

ஹங்கர் கேம்ஸ் (சூசன் காலின்ஸ், 2008–10): 27 + 27 + 27 = 81
ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ் (பிலிப் புல்மன், 1995–2000): 23 + 15 + 38 = 76
பொன்னியின் செல்வன் (கல்கி, 1950–54): 57 + 53 + 46 + 46 + 91 = 293

காலின்ஸ் தராசில் நிறுத்ததுபோல் சமமாகப் பிரித்திருக்கிறார். புல்மனிடம் நடுப்பாகம்தான் மெலிந்தது. மூன்றாம் பாகம் மொத்தத்தில் சரிபாதி. கல்கியின் ஐந்தாம் பாகம் நான்காம் பாகத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அப்படியும் வாசகர்களுக்குப் போதவில்லை. அவர் என்ன ஆனார், இவர் யாரை மணந்தார் என்று கேள்விகள் வந்து குவிய, கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பக்கத்தைக் கூட்டுவதால் மட்டும் முடிவு நிறைந்துவிடாது.

மதிப்பெண் கணக்கு

குட்ரீட்ஸ் தளத்தில் 5க்கு வாசகர்கள் இட்ட சராசரி, தோராயமாக:

ஹங்கர் கேம்ஸ்: 4.3, 4.3, 4.1
டைவர்ஜென்ட் (வெரோனிகா ராத், 2011–13): 4.1, 4.0, 3.6

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் பாகத்துக்கு மதிப்பெண் இட்டவர்களில் பாதிப் பேர்கூட மூன்றாவதற்கு இடவில்லை. பிடிக்காதவர்கள் பாதியிலேயே இறங்கிவிடுவதால், மிஞ்சி நிற்பவர்கள் ரசிகர்கள். சராசரி ஏறத்தான் வேண்டும். டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ அப்படித்தான் பாகத்துக்குப் பாகம் ஏறுகிறது. ரசிகர்களே மிச்சமிருக்கும் இடத்தில் டைவர்ஜென்ட் அரைப் புள்ளி இழந்தது பெரிய சரிவு. முதல் இரண்டு பாகங்களைத் தன் குரலிலேயே சொல்லிவந்த நாயகி டிரிஸ், மூன்றாவதில் அதைக் காதலனோடு பங்கிட்டுக்கொள்கிறாள். முடிவில் இறந்தும் போகிறாள். அவளுக்காகவே வந்தவர்கள் கொதித்துப்போனார்கள்.

விலகிய பாதியில் சலித்துப்போனவர் எத்தனை, அடுத்த பாகம் கைக்கே வராதவர் எத்தனை என்பதை இந்த நட்சத்திரங்கள் சொல்லாது. மலையூர் வாசகருக்கு இரண்டாவது காரணம்தான் பெரியது.

சுற்றுக் கணக்கு

ஹங்கர் கேம்ஸின் அமெரிக்க முதல் பதிப்பு 374 + 391 + 390 = 1,155 பக்கம். நாளுக்கு 28 பக்கம் படித்தால் பாகத்துக்கு இரண்டு வாரம், மொத்தம் ஆறு வாரம். கல்வராயன் மலையில் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அப்படி ஒரு விடுதி அலமாரியில் ஒரே ஒரு பிரதி, 10 வாசகர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றும் ஒரே தடித்த நூலாக இருந்தால்: 10 × 6 = 60 வாரம்
மூன்று பாகமாக இருந்தால்: 24 வாரம்

முதலாமவர் இரண்டாம் பாகத்துக்குப் போனதும் அடுத்தவர் முதல் பாகத்தை எடுத்துவிடுவார்; ஒரே நேரத்தில் மூன்று பேர் படிப்பார்கள். 24 வாரம் ஒரு கல்வியாண்டுக்குள் அடங்கும், 60 அடங்காது. தலைக்கு விழும் செலவு ₹108; ஒரு நாள் கூலியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

லண்டன் வாடகை நூலகங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கணக்கில் பிழைத்தன. மூன்று பாக நாவலின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். அந்த நூலகங்களில் ஒன்றான மூடியின் (Mudie’s) ஆண்டுச் சந்தாவோ 21 ஷில்லிங். ஒரு நாவலை மூன்று வீட்டுக்கு ஒரே நேரத்தில் கொடுக்கலாம். 1894இல், பாகத்துக்கு 4 ஷில்லிங்குக்கு மேல் தரமாட்டோம் என்று நூலகங்கள் கைவிரித்ததும் சில ஆண்டுகளில் அந்த வடிவமே படுத்துவிட்டது.

வாங்கும் கணக்கு

ஆங்கிலம் தடையென்றால் அமீஷின் சிவா முத்தொகுதி (2010, 2011, 2013) தமிழிலேயே உண்டு. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை என்பதால் பல பதிப்பகங்கள் போட்டி போட்டு மலிவுப் பதிப்பு தருகின்றன. தொடங்குபவருக்கு, 2023இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ ஒற்றைச் சிறு நூல். கீழடிக் காலத்துக்கு அழைத்துப்போகும்.

தொடர்தான் வேண்டுமென்றால் மூன்று பாகங்களையும் சேர்த்தே வாங்க வேண்டும். அதே ₹1,080க்கு மூன்று வெவ்வேறு தொடர்களின் முதல் பாகங்களை வாங்கி அடுக்கினாலும் 10 பேருக்கு 30 வாசிப்பு நடக்கும். ஆனால் முழுத் தொடரை வாங்கிய அலமாரியில் 10 பேர் முடிவைத் திட்டவோ மெச்சவோ முடியும். முதல் பாகங்களை மட்டும் அடுக்கிய அலமாரியில் அந்த எண்ணிக்கை பூஜ்யம்.