மார்பகத்தை அகற்றிய பிறகு மீண்டும் உருவாக்க முடியுமா? பட்டு நூல் வரை வந்த சிகிச்சை

காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் முன், சோப்பும் சோடாவும் கலந்த நீரில் கொதிக்கவைத்து மேலிருக்கும் பசையை எடுத்துவிடுவார்கள். செரிசின் எனும் இந்தப் பசையை நீக்கிய பட்டு, புற்றுநோயால் அகற்றப்பட்ட மார்பகத்தை மீண்டும் உருவாக்கும் அறுவை சிகிச்சையிலும் பயன்படுத்தப்பட்டிருக்கிறது.

உடம்புக்குள் பட்டு எதுக்கு?

சிலிகோன் இம்பிளான்ட் கீழே இறங்காமல் இருக்க, சில நேரம் அதைத் தாங்க ஒரு வலை வைப்பார்கள். ‘செரி’ என்ற பட்டு வலை அப்படி ஒன்று. வலை மெல்லக் கரையும். அந்த இடத்தில் உடலின் சொந்தத் திசு வளரும். திசுக்களைத் தாங்கும் பொதுவான பயன்பாட்டுக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ இதை 2008-ல் அனுமதித்தது. ஆனால், அனுமதி இல்லாத மார்பக சிகிச்சைக்கும் விளம்பரம் செய்ததாக 2015-ல் தயாரிப்பு நிறுவனமான அலர்கனுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. புதுசு என்பதாலேயே எல்லாம் நிரூபிக்கப்பட்டது ஆகிவிடாது.

இம்பிளான்ட் பாதுகாப்பானதா?

பலருக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் ஆயுள் முழுக்க வரும் என்று உத்தரவாதம் கிடையாது. பிறகு மாற்ற வேண்டியிருக்கலாம். சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட சில வகைகள், அரிய நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடையவை எனத் தெரிந்ததால், 2019-ல் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டன.

வேறு வழி?

‘டீப் ஃபிளாப்’ முறையில், அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுத்து மார்பில் பொருத்துவார்கள். வயிற்றுத் தசையை எடுப்பதில்லை. நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, மெல்லிய ரத்தக்குழாய்களை இணைக்க வேண்டும். பொருத்திய திசுவுக்கு ரத்தம் போகிறதா என்பதை, ஒளிரும் சாயம் செலுத்தி, சிறப்புக் கேமராவில் அங்கேயே பார்க்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பல மணி நேரம் ஆகும்.

பணம் இருந்தால்தானா?

இல்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக இம்பிளான்ட் இலவசமாகத் தரப்படும் என்று 2018-லேயே அறிவிக்கப்பட்டது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில், அண்ணா பெயரில் 1969 முதல் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. எங்கே சிகிச்சை எடுத்தாலும் மறுசீரமைப்பு பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.

எப்போ கேட்கணும்?

மார்பகத்தை அகற்றும் முன்பே. தோலை எவ்வளவு காப்பாற்றலாம், அதே நாளில் மறுசீரமைப்பு செய்யலாமா, கதிர்வீச்சு தேவைப்படுமா என்பதெல்லாம் அப்போதே முடிவாக வேண்டும். கதிர்வீச்சு இம்பிளான்ட்டைச் சுற்றி இறுக்கத்தை உண்டாக்கலாம். முன்பு கேட்கவில்லையா? கவலை வேண்டாம், பல ஆண்டுகள் கழித்தும் செய்யலாம். எதுவுமே வேண்டாம் என்பதும் அந்தப் பெண் எடுக்கக்கூடிய முடிவுதான்.