இதயத்தின் ரத்த ஓட்டம் காட்டும் வெப்பக் கேமரா

காய்ச்சலான்னு நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம். தொடாமலே சூட்டைப் படமாகக் காட்டுவது வெப்பக் கேமரா.

பைபாஸ் ஆபரேஷனில் அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வேறு குழாய் தைப்பார்கள். இதயத்தைக் குளிரவைத்து நிறுத்திச் செய்யும்போது, தைத்த குழாயைத் திறந்ததும் வெதுவெதுப்பான ரத்தம் பாயும். அந்தப் பாதை கேமராவில் பளிச்சென்று தெரியும். தெரியாவிட்டால் தையலை டாக்டர் அப்போதே சரிபார்க்கலாம். எக்ஸ்ரே வேண்டாம்.

ஆனால் நெஞ்சைத் திறந்தால்தான் இது முடியும். தோலுக்கு மேலே படம் எடுத்து, "அடைப்பு இல்லை"ன்னு யாராவது சொன்னால் நம்பாதீங்க. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தாடைவலி, திடீர் வியர்வை வந்தால் வாய்வுன்னு கஷாயம் குடிச்சுக் காத்திருக்காமல், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் ஈ.சி.ஜி. எடுப்பார்கள்.