செய்தலும் கொள்ளலும்

நீலகிரி மலையில், தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்த ஊர் கீழ் கோத்தகிரி. அவ்வூரின் பெயர் கோத்தர் என்னும் பழங்குடியினரை நினைவூட்டுவதாகும். கோத்தர் கைவினையிற் சிறந்தவர். இரும்பைக் காய்ச்சியடித்துக் கோடரியும் அரிவாளும் செய்தனர், மட்கலம் வனைந்தனர். அவர்தம் அண்டையராகிய படகர், நிலத்தைத் திருத்தித் தானியம் விளைத்தனர். தமக்கு வேண்டிய கருவிகளைக் கோத்தரிடம் பெற்று, ஈடாகத் தானியம் அளித்தனர். கருவியைச் செய்தவரும் வாழ்ந்தனர், கொண்டவரும் வாழ்ந்தனர். ஆயினும், அரிவாள் முனை மழுங்கியபோது அதனைச் செப்பஞ்செய்யும் அறிவு, செய்தவரிடமே இருந்தது.

செய்தல், கொள்ளல் என்னும் இவ்விரண்டனுள் எது தக்கது என்னும் வினா இக்காலத்தும் நம் வீட்டு வாயிலில் வந்து நிற்கின்றது. கீழ் கோத்தகிரியில் மேனிலைக் கல்வியை முடித்துக் கல்லூரிக்குச் செல்லவிருக்கும் மாணவி ஒருத்திக்குக் கணினி தேவைப்படுகிறது எனக் கொள்வோம். அவள் பெற்றோர் கொழுந்து பறித்து ஈட்டிய கூலியிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்த்த பொருள் கையில் இருக்கின்றது. முழுமையாக ஆக்கப்பெற்ற கணினியைக் கடையில் வாங்குவதா? உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தாமே இணைப்பதா? தவறினால் மறுமுறை வாங்குதற்குப் பொருள் இல்லை. ஆதலின் இவ்வினா சிறியதன்று.

இதே வினா ஒருகாலத்தில் நம் நாட்டு அறிஞர் முன்னும் எழுந்தது. அவ்வரலாறு நமக்கு வழிகாட்டும்.

மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், 1945 ஆம் ஆண்டு ஓமி பாபா அவர்களால் நிறுவப்பெற்றது. 1950களில் அங்கிருந்த ஆராய்ச்சியாளர்க்கு விரைந்து கணக்கிடும் பொறி தேவைப்பட்டது. அக்காலத்தே கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனம், இங்கிலாந்தில் ஆக்கப்பெற்ற கணினி ஒன்றை விலைகொடுத்து வாங்கியது. மும்பை அறிஞரோ தாமே ஒன்றை ஆக்கத் துணிந்தனர். அம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் ஆர். நரசிம்மன் ஆவார். அவர் 1926 ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்து, கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்று, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்துத் தாய்நாடு திரும்பியவர்.

அக்குழுவினர் எடுத்த எடுப்பிலேயே பெரும்பொறியைத் தொடங்கினாரல்லர். முதலிற் சிறியதொரு மாதிரிப் பொறியை அமைத்துப் பழகினர். அது நன்கு இயங்கிய பின்னரே பெரிய பொறியில் கைவைத்தனர். அப்பெரும்பொறி 1960 ஆம் ஆண்டு பணிக்கு வந்தது. 1962 ஆம் ஆண்டு தலைமையமைச்சர் நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ எனப் பெயர் சூட்டினார். அதில் ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அதன் நினைவகத்தின் அளவு மிகச் சிறியதே. இக்காலக் கணினியில் தமிழ்க் குறியீடு ஒன்று பொதுவாக மூன்று பைட்டுகள் இடங்கொள்ளும். ஆதலின் நீங்கள் படிக்கும் இப்பாடம் முழுதும் அதனுள் அடங்காது.

டிஃப்ராக் முற்றுப்பெறுவதற்குள், உலகம் வெற்றிடக் குழலை விட்டு டிரான்சிஸ்டருக்கு மாறிவிட்டது. ஆராய்ச்சிப் பணியும் பெருகியது. 1964 ஆம் ஆண்டு அதே நிறுவனம், சி.டி.சி. 3600 என்னும் பெருங்கணினியை அமெரிக்காவிலிருந்து வாங்கியது. அங்ஙனமாயின் முன்னர்ச் செய்த உழைப்பு வீணாயிற்றோ? இல்லை. பொறியை ஆக்கியவர் அதன் உள்ளியல்பை உணர்ந்தவராயினர். அதனைக்கொண்டு நிரல் எழுதப் பயின்றோர் பலராயினர். நரசிம்மன் பின்னர் இந்தியக் கணினிக் கழகத்தின் முதல் தலைவராக விளங்கினார். குழல்கள் பழையனவாயின, கற்ற அறிவு பழையதாகவில்லை. ஆயினும், அவசரப் பணிக்கு வாங்குதலே தக்கது என்பதையும் அந்நிறுவனம் தயங்காமல் ஏற்றது. இவ்விரண்டையும் நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

வேறொரு சான்று நம் நீலகிரியிலேயே உள்ளது. உதகையை அடுத்த முத்தோரையில், கோவிந்த சுவரூப் என்னும் அறிஞர் தலைமையில், அதே மும்பை நிறுவனம் வானொலித் தொலைநோக்கி ஒன்றை அமைத்தது. 1970 ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய அதன் நீளம் 530 மீட்டர். அகலம் 30 மீட்டர். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் அது கிடக்கின்றது. அவ்விடத்தின் அகலாங்கும் ஏறத்தாழ 11 பாகையே. ஆதலின் தொலைநோக்கியின் அச்சு, புவியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஓர் அச்சிற் சுழற்றினாலே வானப்பொருளைப் பல மணி நேரம் தொடர்ந்து நோக்க இயலும். அச்சரிவுக்கென்றே அளந்து அமைத்த அக்கருவி எந்தக் கடையிற் கிடைக்கும்? நமக்கு வேண்டுவது சந்தையில் இல்லாதபோது, செய்தலன்றி வேறு வழியில்லை.

விற்போர் மறுக்கும்போதும் அந்நிலையே நேர்கின்றது. 1980களின் பிற்பகுதியில், இந்தியா வேண்டிய ஆற்றல்மிக்க மீக்கணினியை விற்க அமெரிக்கா இசையவில்லை. வானிலை ஆய்வுக்கென ஆற்றல் குறைந்ததொன்றையே அளித்தது. அதனால் 1988 ஆம் ஆண்டு புனேயில் உயர்நிலைக் கணிப்பு வளர்ச்சி மையம் தோன்றியது. விசய் பட்கர் தலைமையில் அம்மையம் 1991 ஆம் ஆண்டு ‘பரம் 8000’ என்னும் மீக்கணினியை உருவாக்கியது. அதிலுள்ள செயலிகள் இங்கிலாந்திலிருந்து வாங்கியவையே. ஆகவே செய்தல் என்பது யாவற்றையும் தாமே படைத்தல் அன்று. தக்கவற்றைத் தேர்ந்து, அறிந்து இணைத்தலே ஆகும்.

இனி நம் மாணவியின் வீட்டுக்குத் திரும்புவோம். மடிக்கணினியைப் பெரும்பாலும் ஆக்கப்பெற்ற நிலையிலேயே வாங்கல் வேண்டும். மேசைக்கணினியையே உறுப்புகளைக்கொண்டு வீட்டில் இணைக்கலாம். செயலி, தாய்ப்பலகை, நினைவகம், சேமிப்பகம், மின்வழங்கி, இவற்றைத் தாங்கும் பெட்டி ஆகியவை அதன் தலையாய உறுப்புகள். செயலிக்குப் பொருந்தும் இருக்கை தாய்ப்பலகையில் இருத்தல் வேண்டும். ஒரு தலைமுறை நினைவகம் மற்றொரு தலைமுறைக்குரிய பலகையிற் பொருந்தாது. மின்வழங்கி எல்லா உறுப்புகளின் தேவையையும் தாங்கவல்லதாதல் வேண்டும். நம் உடலில் தேங்கும் நிலைமின், மெல்லிய சில்லுகளைக் கெடுத்துவிடும். இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் பொருளிழப்பு நேரும்.

இணைப்பவர் அடையும் நன்மைகளும் உள. தமக்கு வேண்டிய உறுப்பில் மிகுதியாகவும் வேண்டாததில் குறைவாகவும் செலவிடலாம். ஓர் உறுப்பு பழுதுபட்டால் அதனை மட்டும் மாற்றலாம். மலையிறங்கி மேட்டுப்பாளையம் வழியே கோயம்புத்தூர்வரை பொறியைச் சுமந்து செல்லும் அலைச்சல் பெரிதும் குறையும். ஆயினும், சிறுவிலைக் கணினியைப் பொறுத்தவரை, உறுப்புகளைத் தனித்தனியே வாங்குவது எப்போதும் மலிவாகாது. ஆக்கப்பெற்ற கணினிக்கு விற்பவர் ஒருவரே உத்தரவாதம் அளிப்பார். உறுப்புகளுக்கோ உத்தரவாதம் வெவ்வேறாம். மழைக்காற்றில் மரம் சாய்ந்து மின்சாரம் நிற்கும் நாளில், மடிக்கணினி தன் மின்கலத்தால் சிறிது நேரம் இயங்கும். மேசைக்கணினிக்குத் தனியே யு.பி.எஸ். கருவி வேண்டும்.

எனவே மூன்று வினாக்களைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் நலம். பணி எப்போது தொடங்குகின்றது? பிழை நேர்ந்தால் துணைநிற்க அறிந்தவர் அருகில் உளரா? நமக்கு வேண்டுவது கருவி மட்டுமா, அதனைப் பற்றிய அறிவுமா? நம் மாணவிக்குச் சில கிழமைகளிற் கல்லூரி தொடங்குகின்றது, விடுதிக்கும் எடுத்துச் செல்லல் வேண்டும், வழிகாட்டுவாரும் இலர். அவள் மடிக்கணினியை வாங்குதலே அறிவுடைமை. ஆயினும், நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பின்னர்ப் பெருக்கத்தக்கதா என வினவி வாங்குவாளாக.

கால இடைவெளியும் நல்ல துணையும் உடையவர் தாமே இணைத்துப் பார்க்கலாம். அவரும் டிஃப்ராக் குழுவினரைப் போல முதலில் மாதிரி ஒன்றிற் பழகுவாராக. பயனற்றதென ஒதுக்கிய பழைய கணினி ஒன்றைப் பெரியோர் முன்னிலையில், மின்னிணைப்பை நீக்கித் திறந்து, உறுப்புகளின் பெயரும் தொழிலும் அறிந்து, மீண்டும் பொருத்திப் பழகலாம். மின்வழங்கியின் உட்புறத்தை மட்டும் திறத்தலாகாது. அதனுள் மின்னூட்டம் எஞ்சி நிற்கும். வாங்கியவரும் இப்பயிற்சியை மேற்கொண்டால், பழுது நேரும் நாளில் பிறர் கூறுவதனைத்தையும் நம்பிப் பொருளிழக்கும் நிலை அவர்க்கு வாராது.