மூன்று கோணங்களுக்கும் ஒரே பங்கு

பூமி உருண்டை என்பதால், அதன் மேல் அளக்கும் முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகையைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும். அந்தக் கூடுதலுக்குக் கோள மிகை என்று பெயர். சிவகாசிப் பக்கம், அர்ச்சுனா நதியின் குறுக்கே நீர்த்தேக்கம் உள்ள ஆனைக்குட்டத்தை ஒரு முனையாக வைத்து, பக்கத்துக்கு 50 கிலோமீட்டர் வரும்படி ஒரு முக்கோணம் போட்டால் மிகை ஐந்தரை விகலைதான். ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு விகலை. சுமார் 4,200 சதுர கிலோமீட்டர் பரந்த விருதுநகர் மாவட்டத்தின் பரப்பளவுக்குச் சமமான முக்கோணம் போட்டாலும் மிகை ஏறத்தாழ 21 விகலைதான்.

இவ்வளவு சிறியதை ஏன் பொருட்படுத்த வேண்டும்? 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தன் முக்கோணச் சங்கிலியைத் தொடங்கிய நில அளவையாளர் வில்லியம் லாம்டனுக்கு இது தலையாய கேள்வி. அந்தச் சங்கிலியின் முதன்மைக் கிளை 78ஆம் தீர்க்கக் கோட்டையொட்டிக் குமரிமுனைப் பக்கம் வரை இறங்கியது. ஆனைக்குட்டமும் அந்தக் கோட்டுக்கு அருகில்தான் இருக்கிறது. ஒரு முக்கோணத்தின் பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. முதலில் புகும் பிழை கடைசிவரை கூடவே வரும். கோணம் அளந்த தியோடலைட் அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது அது மோதி நசுங்க, லாம்டனே வாரக்கணக்கில் உட்கார்ந்து தட்டிச் சீராக்கினார். அப்படிக் காத்த நுட்பத்தைக் கணக்கில் கோட்டைவிட முடியாது.

மிகையின் அளவு பரப்பைப் பொறுத்தது என்பதை 1629இல் கணித அறிஞர் ஆல்பெர் ஜிரார் எழுதினார். இதன் நிரூபணத்துக்குச் சூத்திரமே தேவையில்லை. முக்கோணத்தின் மூன்று பக்கங்களையும் முழு வட்டங்களாக நீட்ட வேண்டும். ஒவ்வொரு கோணத்திலும் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு பிறைத்துண்டுகள் கிடைக்கும். ஆறு துண்டுகளும் சேர்ந்து கோளம் முழுவதையும் மூடும். ஆனால் நமது முக்கோணமும் அதற்கு நேர் எதிர்ப்புறத்தில் உள்ள அதன் இணையும் மட்டும் மும்மூன்று முறை மூடப்படும். ஆகத் துண்டுகளின் மொத்தப் பரப்பு, கோளப் பரப்போடு நான்கு முக்கோணப் பரப்பைக் கூட்டியதற்குச் சமம். பிறைத்துண்டின் பரப்பு அதன் கோணத்துக்கு நேர்விகிதம் என்பதால், மிகையும் முக்கோணப் பரப்புக்கு நேர்விகிதம். பூமியில் சுமார் 197 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை.

கடினமானது அடுத்த படி. 1787இல் கணித அறிஞர் லெஜாந்தர் ஒரு தேற்றத்தை நிரூபணமில்லாமல் வெளியிட்டார்: சிறிய கோள முக்கோணத்தின் ஒவ்வொரு கோணத்திலிருந்தும் மிகையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால், அதே பக்கங்களைக் கொண்ட தட்டை முக்கோணமாக அதைத் தீர்க்கலாம். நிரூபணம் 1798இல்தான் அச்சேறியது. பெரிய கோணத்துக்கும் சிறிய கோணத்துக்கும் ஒரே பங்கு என்பது முதலில் நம்பவே கடினம்.

நிரூபணத்துக்குக் கோளக் கொசைன் விதியை எடுத்து, பக்கங்களின் சைன், கொசைன்களைத் தொடராக விரிக்க வேண்டும். மாணவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். பக்கங்கள் சிறியவை என்று இரண்டாம் அடுக்கோடு நிறுத்தினால் பள்ளியில் படித்த தட்டைக் கொசைன் விதிதான் கிடைக்கும். மிகை காணாமல் போய்விடும். எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டாலும் தேற்றம் வராது. உதவிக்கு வருபவர் முதலில் பார்க்க வேண்டியது நான்காம் அடுக்கு உறுப்புகள் இருக்கின்றனவா என்பதைத்தான். அவற்றையும் வைத்துச் சுருக்கி, கோணத்தின் கொசைனைத் தட்டை முக்கோணத்தின் கொசைனோடு ஒப்பிட்டால், இரு கோணங்களுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கி ஒரே உறுப்பாக நிற்கும்: கோணத்தை அடைக்கும் இரு பக்கங்களின் பெருக்கம், அந்தக் கோணத்தின் சைனால் பெருக்கி ஆறால் வகுக்கப்பட்டது. அதே பெருக்கத்தை இரண்டால் வகுத்தால் முக்கோணத்தின் பரப்பு. கோளத்தின் ஆரத்தை ஒன்று எனக் கொண்டால் பரப்பே மிகை; ஆகவே வித்தியாசம் மிகையில் மூன்றில் ஒன்று. எந்தக் கோணத்தில் தொடங்கினாலும் பரப்பு ஒன்றுதான். சமப் பங்கின் மர்மம் அத்தோடு தீர்ந்தது.

பக்கங்கள் நீள நீள அடுத்த அடுக்கு உறுப்புகளும் தலைகாட்டும். பூமி சரியான கோளமும் அல்ல; வளைவு இடத்துக்கிடம் மாறுவதால் பங்குகள் சமமாக இருக்க முடியாது என்பதை 1827இல் கணித அறிஞர் காஸ் காட்டினார். ஜெர்மனியில் மூன்று மலைகளுக்கிடையே, நூறு கிலோமீட்டரைத் தாண்டும் பக்கம் உள்ள முக்கோணத்துக்கு அவர் கணக்கிட்ட பங்குகள் 4.95113, 4.95104, 4.95131 விகலைகள். வேறுபாடு ஒரு விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. லாம்டனின் கருவியால் அதைக் கண்டிருக்கவே முடியாது.